பதினான்காவது கம்பம்

அந்தப் பெரிய சத்தத்துக்குள் ஒரு சின்னச் சத்தம் இருந்தது. பெரிய சத்தத்தை எல்லோரும் கேட்டார்கள். தகரக் கொட்டகை ஒன்றை யாரோ தூக்கித் தரையில் அறைந்ததுபோல் இருந்தது. ஓடுதளத்துக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்திருப்பார்கள். அது அடங்குவதற்குள், அதன் வயிற்றுக்குள், ஒரு டக். தாழ்ப்பாள் விழுகிற அளவுதான். இருபத்தாறு வருடத்தில் பெரிய சத்தம் எனக்கு மறந்துவிட்டது, எவ்வளவு முயன்றாலும் அதைக் காதுக்குள் கொண்டுவர முடியவில்லை. சின்னது மட்டும் தானாக வருகிறது. குக்கரின் மூடியை வைக்கும்போது வருகிறது, பஸ்ஸில் யாராவது ஜன்னல் கண்ணாடியை இறக்கும்போது வருகிறது. இதோ, இந்தக் கண் ஆஸ்பத்திரிக் கூடத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, எங்கோ ஒரு அலமாரிக் கதவைச் சாத்துகிறார்கள், டக். "கண்ணத் திறக்காதீங்கம்மா, இன்னும் ரெண்டு தடவ மருந்து விடணும், கண்பாப்பா நல்லா விரியணும்" என்று சொல்லிவிட்டு நர்ஸ் பெண் அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டாள். மருந்து எரிந்தது. கண்ணில் விட்டது எப்படித் தொண்டைக்கு வருகிறதோ, கசக்கிறது. தங்கை மகள் தேன்மொழி, "பெரியம்மா, அசையாம உக்காருங்க, கட்டுன பில்லக் காட்டிட்டு வந்திடுறேன்" என்று போயிருக்கிறாள். புரை அறுவைக்கு முன்னால் செய்கிற சோதனை. நாற்பது நிமிடம் ஆகுமாம். நாற்பது நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு இருப்பது எனக்குப் பெரிய விஷயம் இல்லை என்று அவளிடம் சொன்னேன். அதை விட அதிக நேரம் மூடிக்கொண்டிருந்தவள்தான் நான், ஆனால் அதை அவளிடம் சொல்லவில்லை.

கண்ணை மூடினால் கூடம் முழுக்கக் குரல்களாகிவிடுகிறது. செருப்பு இழுபடுகிறது, டோக்கன் எண் ஒலிக்கிறது, யாரோ ஒரு கிழவர் "எனக்கு முன்னாடி வந்தவன் அவன்தானா, நல்லாப் பாருங்க" என்று சண்டை பிடிக்கிறார். டெட்டால் வாசனையும் மல்லிகைப்பூ வாசனையும் கலந்து வருகின்றன. காலையில் மதுரைக்கு வரும் பஸ்ஸில் வேண்டுமென்றே வலது பக்க ஜன்னலில் உட்கார்ந்தேன். இடது பக்கம் உட்கார்ந்தால் சாலையோரத் தடுப்பு தெரியும். நெளிநெளியாக ஓடுமே, வளைவுகளிலும் பாலத்துக்கு முன்னாலும், அந்த இரும்புத் தகடு. அதைத் தாங்கி நிற்கும் கம்பங்களை வடிவமைப்பது இருபத்தெட்டு வருடம் என் வேலை. கம்பம் என்றால் நிற்க வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கல்லூரியில் எங்கள் வகுப்பில் நான் ஒருத்திதான் பெண், நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். இல்லை, கார் வந்து இடிக்கும்போது கம்பம் மண்ணோடு சேர்ந்து சாய வேண்டும், சாய்ந்துகொண்டே தகட்டைத் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும், தகடு காரை மெல்லச் சாலைக்குள்ளேயே திருப்பிவிட வேண்டும். நிமிர்ந்து நின்று உயிரை வாங்குகிற கம்பம் கெட்ட கம்பம். இதை எத்தனை கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது என் குரல் எவ்வளவு நன்றாக இருந்தது. அந்தக் குரலை நினைத்தால் இப்போது காது சுடுகிறது.

சக்கரம்தான் சிக்கல். தகடு உள்ளே வளையும்போது காரின் முன்சக்கரம் தகட்டுக்குக் கீழே நுழைந்து கம்பத்தில் போய் மாட்டிக்கொள்ளும். மாட்டினால் கார் அந்த இடத்திலேயே சுழலும், கவிழும். அது நேராமல் இருக்கத்தான் தகட்டுக்கும் கம்பத்துக்கும் நடுவே ஒரு இடைக்கட்டை வைப்பது. கட்டை எவ்வளவு அகலமோ சக்கரம் கம்பத்திலிருந்து அவ்வளவு தூரம். நான் அந்தக் கட்டையைப் பாதியாகக் குறைத்தேன். நம் சாலைகளில் ஓரத்தில் இடம் எங்கே இருக்கிறது, தடுப்பு குறுகலாக இருந்தால்தான் போடவே விடுவார்கள் என்று கணக்குப் போட்டு, கம்பத்தின் வளைவை மாற்றி, கட்டையைப் பாதியாக்கினால் போதும் என்று காகிதத்தில் நிரூபித்தேன். பட்டறையில் அதற்கு 'மேடம் கட்டை' என்று பெயர் வந்துவிட்டது. என்னைக் 'கம்பத்து மேடம்' என்பார்கள், எனக்குத் தெரியாது என்று நினைத்து. எனக்குப் பிடித்திருந்தது. சேர்ந்த புதிதில் தரையில் அளவுக்கோடு போட்டபோது, "மேடம் கோலம் போட வந்துட்டாங்க, மார்கழி வந்திருச்சு" என்று சிரித்தவர்கள்தான் அவர்கள். கோலத்திலிருந்து கம்பத்துக்கு வர எனக்குப் பதினெட்டு வருடம் ஆனது. இதைச் சொல்லித்தான் நான் ரொம்ப நாள் தப்பித்துக்கொண்டிருந்தேன். பதினெட்டு வருடம், ஒரே பெண், ஒரே வாய்ப்பு. உண்மைதான். உண்மையான காரணத்தைச் சொல்லிக்கொண்டே ஒரு மனுஷி எவ்வளவு கேவலமான காரியத்தையும் செய்துவிடலாம் என்பதும் உண்மைதான்.

"சவரிமுத்து." நர்ஸ் பெண்ணின் குரல். "சவரிமுத்து, எழுபத்தெட்டு." என் கை நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது, கை எனக்கு முன்னாலேயே கேட்டுவிட்டது போல. ஊருக்கு ஊர் சவரிமுத்து உண்டு. தேவாலயம் இருக்கிற இடமெல்லாம் உண்டு. எழுபத்தெட்டு என்றால் என்னை விட நான்கு வயது மூத்தவர், எங்கள் காமிராக்காரர் சவரிமுத்துவும் அப்படித்தான். "இங்கதான் இருக்காங்க. அப்பா, எந்திரிங்க, கூப்புடுறாங்க" என்று ஒரு பெண்ணின் குரல், எனக்கு இடது பக்கம், மூன்று நாற்காலியோ நான்கு நாற்காலியோ தள்ளி. பிறகு ஒரு செருமல். அந்தச் செருமலுக்கு முன்னால் நாக்கை மேலண்ணத்தில் தட்டி ஒரு 'ச்ச்'. சாரத்தின் மேல் ஏறி காமிராவைத் திருப்பி வைத்துக்கொண்டு, கீழே எங்களைப் பார்த்து ஒரு 'ச்ச்', ஒரு செருமல், அப்புறம் "ரெடி மேடம்!" அதே வரிசை. உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள், செருப்புச் சத்தம் தேய்ந்துபோயிற்று. கண்ணைத் திறந்து பார்த்திருக்கலாம். மருந்து விட்ட கண்ணுக்கு என்ன தெரியும், வெள்ளைப் புகையும் ஆட்களின் நிழலும்தான் தெரியும் என்று சொல்லிக்கொண்டேன். திறக்கவில்லை. எழுந்து போய்விடலாமா. தேன்மொழி வந்து தேடுவாள். தலை சுற்றுகிறது, இன்னொரு நாள் வரலாம் என்று சொல்லலாம். பொய் எவ்வளவு கூப்பிட்ட குரலுக்கு வருகிறது எனக்கு, இந்த வயதிலும்.

ஓடுதளம் யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் போட்டது. விமானம் வராத காங்கிரீட்டில் பிளவு விழுந்து எருக்கு முளைத்திருந்தது. அதன் ஒரு முனையில் நாங்கள் மண்ணை நிரப்பி, இடித்து, கம்பங்களை அடித்து, தடுப்பு ஒன்றை நிறுத்தியிருந்தோம். இருபத்தைந்து கம்பம், ஒவ்வொன்றிலும் எண். பழைய அம்பாசிடர் ஒன்றைக் கம்பிவடத்தில் கட்டி, ஒச்சப்பன் ஓட்டும் ஜீப் எதிர்ப்பக்கம் பாய, கப்பி வழியாக வடம் இழுக்க, ஆளில்லாத அம்பாசிடர் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து தடுப்பில் சாய்வாக மோத வேண்டும். ஆளில்லாத என்றா சொன்னேன், ஓட்டுநர் இடத்தில் மணல் நிரப்பிய பொம்மை ஒன்று உண்டு. அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர், தோளில் ஒரு துண்டு போட்டிருப்பார்கள். "மாப்பிள்ளைக்குப் பெல்ட்டப் போடுங்கப்பா, கடைசி நேரத்துல ஓடிறப் போறாரு" என்பான் ஒச்சப்பன். மோதலுக்குச் சற்று முன்னால் முன்சக்கரத்தின் பக்கவாட்டில் மஞ்சள் டிஸ்டெம்பரை ஈரமாகப் பூசுவது எங்கள் வழக்கம். சக்கரம் எதைத் தொட்டாலும் அதில் மஞ்சள் ஒட்டும். எங்கே தொட்டது, எவ்வளவு தொட்டது என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம். காகிதமும் கருவியும் ஆயிரம் சொல்லட்டும், மஞ்சள் பொய் சொல்லாது. அதைப் பூசுவது சவரிமுத்துவின் வேலை. காமிராக்காரர் ஏன் பெயிண்ட் பூச வேண்டும் என்று கேட்டால், "நான் பூசுனாத்தான் எனக்கு எங்க பாக்கணும்னு தெரியும் மேடம்" என்பார். அன்றைக்கும் குந்தி உட்கார்ந்து, பிரஷ்ஷை ஒரு சுற்று சுற்றி, கொஞ்சம் பின்னால் சாய்ந்து பார்த்து, இன்னொரு சுற்று. "என்ன முத்தண்ணே, மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டிக்கு மஞ்சப் பூசுறியா?" என்றான் ஒச்சப்பன். "ஆமாடா, உன் கல்யாணத்துக்கு எவனும் பூச மாட்டான், இத நல்லாப் பாத்துக்க." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். 1998 மார்ச், பதினோரு மணி வெயில். முந்தின இரண்டு சோதனையும் நன்றாகப் போயிருந்தன, இது மூன்றாவது, கடைசி. எங்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர் ரங்கபாஷ்யம் குடை பிடித்துக்கொண்டு வந்து நின்றிருந்தார், "இது முடிஞ்சா உன் டிசைன் ரோட்டுக்குப் போயிடும்மா" என்று என் தோளைத் தட்டினார். அதற்கு முன் அவர் என் தோளைத் தட்டியதில்லை. அந்தத் தட்டல் இன்னும் அங்கேயே இருக்கிறது, சில நாள் குளிக்கும்போது தேய்த்துப் பார்க்கிறேன்.

சவரிமுத்துவின் காமிரா ஓட ஆரம்பித்தால் முதலில் முனகும், பிறகு மிக்ஸியைப்போல அலறும், ஒரு நொடிக்கு நூற்றுக்கணக்கான படம், மூன்று நொடியில் பிலிம் சுருளே தீர்ந்துவிடும். அன்று அலறல் பாதியில் நின்றது. சுருள் அறுந்துவிட்டது. ஆனால் அவர் கண்ணை எடுக்கவில்லை. அம்பாசிடர் வந்தது, இடித்தது, கம்பங்கள் நான் சொன்னபடியே வரிசையாகச் சாய்ந்தன, கார் ஒரு குலுங்கல் குலுங்கித் திரும்பிப் போய் எருக்கம்புதருக்குள் நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். புழுதி. அந்தக் குலுங்கல் நேரத்தில்தான் டக். நான் கேட்டேன். எனக்கு உடனே தெரியும், அது தகட்டின் சத்தம் இல்லை என்று. ஆட்கள் எல்லோரும் காரைப் பார்க்க ஓடினார்கள், மாப்பிள்ளையைப் பார்க்க. யாரோ ஒருவர் "மாப்பிள்ளை துண்டக் காணோம்" என்று கத்தினார். கம்பங்களை அளப்பது என் வேலை, அதனால் நான் புழுதிக்குள் கம்பங்கள் பக்கம் போனேன். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. பதினான்காவது கம்பத்தின் உள்பக்கத்தில், முழங்கால் உயரத்தில், ஒரு விரல் நீளத்துக்கு மஞ்சள். கம்பம் லேசாக முறுக்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் வேகம், இன்னும் கொஞ்சம் கனமான வண்டி, அவ்வளவுதான், மாட்டியிருக்கும். அகலமான கட்டை இருந்திருந்தால் தொட்டிருக்காது. என் கட்டை. நான் யோசிக்காமல் செய்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன், கை தானாகப் போயிற்று, ஒரு அழுக்கைக் கண்டால் துடைக்கிற பெண் கை. பொய். கைக்குட்டையால் துடைத்தபோது மஞ்சள் முழுதும் போகவில்லை. கைக்குட்டையின் முனையை வாயில் வைத்து எச்சில் தொட்டுத் துடைத்தேன், குழந்தையின் முகத்தைத் துடைப்பதுபோல. எச்சில் தொடுவதற்கு யோசனை வேண்டும். பிறகு குனிந்து ஒரு பிடி புழுதி எடுத்து அந்த இடத்தில் தேய்த்தேன். அதற்கும் யோசனை வேண்டும். நாக்கில் சுண்ணாம்புக் கசப்பு. இந்தக் கண் மருந்தின் கசப்புக்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

"அம்மா, கண்ணத் திறங்க, மேல பாருங்க." இரண்டாவது மருந்து. ஒரு வெள்ளைக் குழாய் விளக்கு, அதைச் சுற்றி வானவில் போல வளையம், நர்ஸ் பெண்ணின் முகம் முட்டையைப்போல மொழுக்கென்று. "மூடிக்கங்க." மூடிக்கொண்டேன். எரிச்சல். கண்ணீரா மருந்தா, கன்னத்தில் இறங்குகிறது. உள்ளேயிருந்து அவரை இன்னும் வெளியே விடவில்லை. வந்தால் இந்த வரிசைக்குத்தான் வருவார், அவருக்கும் மருந்து விட்டு உட்கார வைப்பார்கள். அவர் என்னைப் பார்ப்பாரா. எனக்குத் தலை முழுதும் நரைத்துவிட்டது, உடம்பு வற்றிவிட்டது, அன்றைக்குப் பார்த்தவர் இன்றைக்கு அடையாளம் காண மாட்டார். இப்படி நினைத்ததும் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நான் பார்த்தேன், அது என்னைப் பார்த்தது. அன்றைக்கு அவர் சாரத்திலிருந்து இறங்கி நேரே என்னிடம்தான் வந்தார். "மேடம், சக்கரம் பதினாலத் தொட்டுச்சு. மஞ்சள் இருக்கும் பாருங்க." ரங்கபாஷ்யம் வந்தார், எல்லோரும் வந்தார்கள், குனிந்து பார்த்தார்கள். புழுதி படிந்த இரும்பு. "எங்கய்யா மஞ்சள்?" சவரிமுத்து குனிந்தார், எழுந்தார், மறுபடி குனிந்தார். விரலால் தடவினார். "நான் பாத்தேன் சார். சக்கரம் தொட்டு விலகுனதும் லென்ஸ்ல பாத்தேன், இந்த இடத்துல இருந்துச்சு, அப்புறம் புழுதி மறைச்சிருச்சு." ஒச்சப்பன் சொன்னான், "முத்தண்ணே, வெயில்ல மஞ்சளாத்தான் தெரியும், மோர் குடி." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கைக்குட்டை என் இடுப்பில் செருகியிருந்தது. நான் சொன்னேன், "வெளிச்சம் பட்டிருக்கும்." அதோடு விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார், ஒரு தாளில் படம் வரைந்து கொண்டுவந்து வைத்தார், "இன்னொரு வண்டி இடிச்சுப் பாத்துரலாம் மேடம், நீங்களே சொன்னா சார் கேப்பாரு." அவர் என்னைக் குற்றம் சொல்லவே இல்லை. என்னிடம் உதவி கேட்டார். சுருள் அறுந்ததையும் இதையும் சேர்த்துவைத்து நான் ரங்கபாஷ்யத்திடம் சொன்னேன், "அவருக்குக் கண்ணு சரியில்லயோன்னு தோணுது சார். ஒரு தடவ காட்டச் சொல்லலாம்." எவ்வளவு அக்கறையான வாக்கியம். யார் கேட்டாலும் இந்த அம்மாவுக்கு என்ன நல்ல மனசு என்று சொல்வார்கள்.

அவர் கண்ணைக் காட்டியது இதே ஊர், இதே ஆஸ்பத்திரியில்தான். முடிவு உறையிலிட்டு எனக்கு வந்தது, நான் பிரிவுத் தலைவி என்பதால். இரண்டு கண்ணும் ஆறுக்கு ஆறு. நிறம் பிரித்தறிவதில் குறை இல்லை. ஐம்பத்திரண்டு வயது மனிதருக்கு அப்படி ஒரு கண். நான் அதை மேஜையின் கீழ் இழுப்பறையில், பழைய அளவுகோல்களுக்கு அடியில் வைத்தேன். இரண்டு நாள் கழித்து அவர் கதவருகில் நின்று, ஒரு 'ச்ச்', ஒரு செருமல். "ரிசல்ட் வந்துச்சா மேடம்?" "வந்துச்சு சவரிமுத்து. கொஞ்சம் குறை இருக்காம். பயப்பட ஒண்ணுமில்ல. உயரத்துல ஏற வேண்டாம், அவ்வளவுதான்." "அப்ப அந்த மஞ்ச…" என்றார். "அதான்" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போனார். அடுத்த மாதமே அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். அந்த இடத்துக்கு வந்த பையன் சுருளை அறுக்கவில்லை, எதையும் பார்க்கவும் இல்லை. என் தடுப்பு ரோட்டுக்குப் போயிற்று, பதினான்கு கிலோமீட்டர். நான்கு வருடம் கழித்து, 'ஒரே சீராக இருக்க' என்று ஒரு காரணம் எழுதி, கட்டையைப் பழைய அகலத்துக்கே மாற்றச் சொன்னேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு போட்டதெல்லாம் சரியான கட்டை. அந்தப் பதினான்கு மட்டும் சாலையை அகலப்படுத்தும்வரை, இன்னும் எட்டு வருடம், அப்படியே நின்றது. நடுவில் ஒரு நாள் செய்தித்தாளில் நான்கு வரி. கார் ஒன்று தடுப்பில் மோதிக் கவிழ்ந்தது, இருவர் பலி, முன்சக்கரம் தனியாகக் கிடந்தது. இடத்தின் பெயர் என் பதினான்குக்குள் வருகிறது. வேகமா, தூக்கமா, கம்பமா, அதெல்லாம் நான்கு வரியில் இல்லை. போய்ப் பார்த்திருந்தால் கம்பமே சொல்லியிருக்கும், எனக்கு அதன் மொழி தெரியும். போகவில்லை. வெட்டி வைத்திருக்கிறேன். அந்த இருவரின் பெயரும் எனக்கு மனப்பாடம். அதைச் சொல்லிப் பார்க்கும்போது வருகிற பயத்தை விட, கதவருகில் நின்று தலையாட்டின ஒரு மனிதனை நினைக்கும்போது வருகிற வெட்கம்தான் எனக்குப் பெரிதாக இருக்கிறது. இதற்கும் வெட்கப்படுகிறேன். செத்தவர்கள் விஷயத்தில் 'தெரியாது' என்று ஒரு சொல் இருக்கிறது ஒதுங்க. இதில் ஒதுங்க எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கல்யாணப் படம் எடுக்கப் போவார். சொந்தக் காமிரா, தோல் உறையோடு, அதை எங்களையெல்லாம் தொட விட மாட்டார். "என் மக மேரி கல்யாணத்துக்கு நான்தான் எடுப்பேன் மேடம். ஒரு பயல மேடைப் பக்கம் விட மாட்டேன். பொண்ணு தலை குனியிற நேரம் எனக்குத்தான தெரியும்." அப்போது மேரி பத்தாவதோ பதினொன்றோ படித்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வந்தது. நான் போகவில்லை, ஒரு வெள்ளிக் குங்குமச்சிமிழ் அனுப்பினேன், கிறிஸ்தவ வீட்டுக்குக் குங்குமச்சிமிழ். அவசரத்தில் கடையில் கையில் கிடைத்ததை வாங்கினேன், கட்டிக் கொடுத்த பிறகுதான் உறைத்தது. அவ்வளவுதான் நான் அவர்களை யோசித்த லட்சணம்.

செருப்புச் சத்தம் திரும்பி வருகிறது. "பாத்து வாங்கப்பா, படி." "படி இல்ல, கோடுதான் அது. எனக்குத் தெரியுது, நீ கையை விடு." நாற்காலி கிறீச்சிட்டது, இந்த முறை பக்கத்தில், என் இடது முழங்கைக்கு அருகிலேயே. பவுடர் வாசனை, கொஞ்சம் மூக்குப்பொடி. நான் மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டேன். பேசாமல் இருந்தால் போதும். இன்னும் பத்து நிமிடத்தில் என்னை உள்ளே அழைத்துப் போய்விடுவார்கள், முடிந்தது, இன்னொரு இருபத்தாறு வருடம் எனக்கு மிச்சம் இல்லை. நர்ஸ் பெண் வந்தாள். கோப்பைப் புரட்டுகிறாள். கடைசி மருந்து விடுவதற்கு முன் பெயரைப் படித்துச் சரிபார்ப்பது இவர்கள் வழக்கம், இதை நான் மறந்துபோனேன். "சௌந்தரவல்லி, எழுபத்தி நாலு, சரிதானம்மா?" ஊருக்கே கேட்கும்படி. தலையை ஆட்டினேன். "வாயத் தொறந்து சொல்லுங்கம்மா." "ஆமா." மூன்றாவது மருந்து விழுந்தது. அவள் நகர்ந்தாள். ஒரு 'ச்ச்'. ஒரு செருமல்.

"மேடம்? கம்பத்து மேடமா?" என்றார். எனக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்த பெயர், என் முகத்துக்கு நேரே. "ஆமா சவரிமுத்து" என்றேன். "அடேயப்பா. கண்ண மூடிக்கிட்டே என்னையத் தெரிஞ்சிருச்சா?" "முன்னாடியே உங்க பேரக் கூப்பிட்டாங்களே." "அப்பவே கூப்பிட்டிருக்கலாமே மேடம்" என்று சிரித்தார், அதில் ஒன்றும் இல்லை, வெறும் சந்தோஷம். பிறகு மகள் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், குரல் கொஞ்சம் தள்ளிப் போயிற்று. "மேரி, சொல்லுவேன்ல, எனக்குக் கண்ணு கோளாறுன்னு முதல்ல கண்டுபிடிச்சவங்கன்னு, இவங்கதான். இவங்க இல்லாட்டி அந்தச் சாரத்து மேலருந்து என்னைக்கோ விழுந்திருப்பேன். உங்கம்மா கடைசிவரைக்கும் இவங்களுக்குத்தான ஜெபம் பண்ணுவா." "கும்புடுறேன்மா" என்றது அந்தப் பெண் குரல். என் தொண்டையில் மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஜெபம். சாகும்வரை ஒரு பெண் எனக்காக. அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் இன்னமும் வாய் திறந்திருக்க மாட்டேன், அது எனக்கு நிச்சயமாகத் தெரியும், திட்டு வாங்கிக்கொண்டு கணக்கு முடிந்தது என்று எழுந்து போயிருப்பேன். நன்றிக்கு முன்னால் உட்கார முடியவில்லை. "சவரிமுத்து" என்றேன், "உங்க கண்ணுல ஒண்ணும் இல்ல. ரிசல்ட்ல ஆறுக்கு ஆறுன்னு இருந்துச்சு. நான் மறச்சுட்டேன். அன்னைக்கு மஞ்சள் இருந்துச்சு. நான் துடைச்சேன்."

டோக்கன் நூற்றுப் பன்னிரண்டு, நூற்றுப் பதின்மூன்று. சண்டைக் கிழவர் இன்னும் சண்டையில்தான் இருந்தார். "பதினாலு" என்றார் சவரிமுத்து. "பதினாலுதான்" என்றேன். "உள்பக்கம். முழங்கா உசரம்." "ஆமா." "ஒரு விரல் நீளம்." "ஆமா." "ஒரு சத்தமும் கேட்டுச்சு." "டக்குன்னு" என்றேன். அவர் மூச்சை விட்டார், அது கோபமா என்ன என்று எனக்குத் தெரியவில்லை, முகத்தைப் பார்க்கிற உரிமையை மருந்து பறித்துக்கொண்டிருந்தது. பிறகு சொன்னார், "இதை இவகிட்ட சொல்லுங்க." "கேட்டுட்டுத்தான இருக்காங்க." "இல்ல. அவளப் பாத்துச் சொல்லுங்க." கண்ணைத் திறந்தேன். வெளிச்சம் ஊசி ஊசியாக உள்ளே வந்தது. ஒரு வெளிர்நீல உருவம் தெரிந்தது, அதைப் பார்த்து, "உங்கப்பா கண்ணு நல்ல கண்ணும்மா" என்று ஆரம்பித்தேன். "அவ இந்தப் பக்கம் மேடம். அது தூணு" என்றார் சவரிமுத்து. யாரும் சிரிக்கவில்லை. திரும்பினேன், அவளுடைய உருவத்தைக் கண்டுபிடித்தேன், முதலிலிருந்து சொன்னேன், கைக்குட்டை, எச்சில், புழுதி, இழுப்பறை, ஒன்றையும் விடாமல், எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களும் கேட்கும்படி. முடிந்ததும், "அப்ப என் கல்யாணத்துல…" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். பிறகு எழுந்து, அப்பாவிடம், "வாங்கப்பா, டாக்டர் கூப்புடுறாங்க" என்றாள். யாரும் கூப்பிட்டு நான் கேட்கவில்லை. அவர் எழுந்தார். என் தோள் பக்கம் ஒரு கை வந்ததுபோல் இருந்தது, தொடவில்லை. செருப்புச் சத்தம் போயிற்று. தேன்மொழி வந்து, "ஏன் பெரியம்மா கண்ணத் திறந்தீங்க, மறுபடி மருந்து விடணும்பாங்க, பாருங்க எப்படித் தண்ணியா ஊத்துது" என்று என் முகத்தைக் கைக்குட்டையால் துடைத்தாள்.

சவரிமுத்து 1998 ஏப்ரலிலிருந்து ஓய்வு பெறும்வரை ஸ்டோரில் இருந்தார். அந்த வருடமே தன் காமிராவை உறையோடு மைத்துனருக்குக் கொடுத்துவிட்டார். மேரியின் கல்யாணம் மூன்று வருடம் கழித்துத் தை மாதத்தில் நடந்தது. அப்பா முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். படங்களை வேறு ஒருவர் எடுத்தார்.